வேலூர் மொட்டை மாடியிலிருந்து விண்வெளி நிலையத்தைப் படம் பிடிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சாயங்காலம் வேலூர் வானத்தில் மேற்கிலிருந்து சத்தமில்லாமல் ஏறி, நாலைந்து நிமிஷத்தில் கடந்து போகும் அந்த வெள்ளைப் புள்ளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுதான் சர்வதேச விண்வெளி நிலையம். அதையே ஒரு 8 அங்குலத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டிப் பிடித்தால், இரண்டு பக்கமும் விரிந்திருக்கும் சூரியத் தகடுகளும், நடுவில் வரிசையாகக் கோத்த கூடங்களும், வெள்ளையாகப் பளிச்சிடும் ரேடியேட்டர்களும் பிரிந்து தெரியும். நாசாவில் வேலை பார்க்க வேண்டியதில்லை, மலை உச்சிக்கும் போக வேண்டியதில்லை.

ஆனால் இதைக் கற்றுக்கொள்ள நான் நிறைய அலைய வேண்டியிருந்தது. யூடியூபில் கிடைப்பதெல்லாம் ஐரோப்பாக்காரரும் அமெரிக்காக்காரரும் சொல்வது. அவர்கள் ஊர் அந்தி நேரம் வேறு, குளிர் வேறு, கடையில் கிடைக்கும் சாமான் வேறு. அதை அப்படியே வேலூரில் செய்தால் பாதி ஒத்துவராது. அதனால் நம் ஊருக்கு எது பொருந்துமோ அதை மட்டும் வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியை நம்பித்தான் இருக்கிறது.

1. முதலில் கணக்கு

நிலையம் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 109 மீட்டர். நேர் உச்சியில் வரும்போது அதன் அகலம் வானத்தில் 53 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்குதான் 1 ஆர்க் செகண்ட்). வியாழன் நமக்கு மிக அருகில் இருக்கும் காலத்தில் தெரியும் அளவைவிடக் கொஞ்சம் பெரிது. அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் மட்டும் வந்து போனால் தூரம் 780 கிலோமீட்டர் ஆகிவிடும், அளவும் 29 ஆர்க் செகண்டாகச் சுருங்கிவிடும்.

200 மில்லிமீட்டர், அதாவது 8 அங்குலக் கண்ணாடி 0.6 ஆர்க் செகண்ட் வரை பிரித்துக் காட்டும். 420 கிலோமீட்டர் தூரத்தில் அது 1.2 மீட்டர். காற்று கலங்காமல் இருந்தால் கிடைக்கும் எல்லை இது. எல்லா நாளும் கிடைக்காது, ஆனாலும் தகடு தகடாகப் பிரிந்து தெரிய இந்தத் தெளிவில் பாதி போதும்.

சிக்கல் வேகத்தில்தான் இருக்கிறது. உச்சியில் அது நொடிக்கு 1 டிகிரி நகரும், அதாவது ஒரே நொடியில் இரண்டு முழு நிலாவின் அகலத்தைத் தாண்டும். உங்கள் கேமரா பார்க்கும் பரப்போ நிலாவில் பாதி அகலம்கூட இருக்காது. அந்தச் சின்ன ஜன்னலுக்குள் நிலையத்தைப் பிடித்து வைப்பதுதான் மொத்த வேலையும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

விலை கடைக்குக் கடை மாறும், டாலர் ஏறினால் சேர்ந்து ஏறும். நான் சொல்வதை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொலைநோக்கி: 8 அங்குல டாப்சோனியன் (சுழலும் அடித்தட்டில் வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி), 1200 மில்லிமீட்டர் குவிதூரம். 50 முதல் 65 ஆயிரம். கையில் அவ்வளவு இல்லையென்றால் 6 அங்குலம் 35 முதல் 45 ஆயிரத்துக்குள் கிடைக்கும், அதிலும் தகடுகள் தெரியும். கையால் தள்ளும் டாப்சோனியன் இதற்குச் சரியாக வராது, மோட்டார் வைத்த மவுண்ட்தான் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பீடம்) வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். சாதாரண மோட்டார் மவுண்ட் நட்சத்திரத்தின் வேகத்துக்குச் செய்தது. நிலையத்தின் வேகத்துக்கு அதை ஓட்டத் தனி மென்பொருளும் நிறைய பொறுமையும் வேண்டும். தொடக்கத்தில் கைதான் வசதி.

கேமரா: கிரகங்களைப் படம் பிடிக்கும் யூஎஸ்பி 3 கேமரா, 20 முதல் 30 ஆயிரம். இசட்டபிள்யூஓ ஏஎஸ்ஐ 224எம்சி மாதிரி ஒன்று போதும். 1200 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் இதை மாட்டினால் ஒரு பிக்சல் 0.64 ஆர்க் செகண்ட், அதாவது நிலையம் 80 பிக்சல் அகலத்துக்குப் பதிவாகும். படத்தைப் பெரிதாக்கும் 2 மடங்கு பார்லோ லென்ஸ் போட்டால் அளவு இரட்டிப்பாகும், ஆனால் ஜன்னலும் பாதியாகும். முதல் சில முறை பார்லோவே வேண்டாம். பெரிதாக வர வேண்டும் என்ற ஆசையில் பார்லோ போட்டுவிட்டு, ஒரு ஃபிரேம்கூடக் கிடைக்காமல் கீழே இறங்குபவர்கள்தான் அதிகம்.

வீட்டில் டிஎஸ்எல்ஆர் இருந்தால் அதையும் மாட்டலாம். கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி ரிங் ஒன்று வாங்கினால் போதும். சூரியன், நிலா முன்னால் நிலையம் கடக்கும் டிரான்சிட் படத்துக்கு டிஎஸ்எல்ஆர் நன்றாகவே ஒத்துழைக்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன். செல்போனைக் கண்ணருகு லென்ஸில் வைத்துப் பிடிப்பது நிலாவுக்குச் சரி. நிலையத்துக்கு அது தானாக வெளிச்சத்தைக் கூட்டி எல்லாவற்றையும் வெள்ளைத் திட்டாக்கிவிடும்.

ஃபைண்டர், அதாவது குறி பார்க்கக் குழாயின்மேல் மாட்டும் சின்னத் தொலைநோக்கி: இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். குறுக்குக் கம்பி உள்ள 9x50 ஃபைண்டர் கட்டாயம். வெறும் சிவப்புப் புள்ளி ஃபைண்டர் இந்த வேலைக்குத் தேறாது.

மடிக்கணினி: எஸ்எஸ்டி இருக்க வேண்டும். நொடிக்கு 100 ஃபிரேம் வீதம் 4 நிமிஷம் பதிவானால் 24,000 ஃபிரேம், கிட்டத்தட்ட 30 ஜிபி. பழைய ஹார்டு டிஸ்க் அந்த வேகத்துக்கு எழுதாது, சத்தமில்லாமல் ஃபிரேமை விட்டுவிடும். முந்தின நாளே 60 ஜிபி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

3. பில்லும் மற்ற காகிதங்களும்

வேலூரில் நேரில் தொட்டுப் பார்த்து வாங்க ஆயத்தமாக எதுவும் கிடைக்காது, ஆன்லைனில் ஆர்டர் போடுவதுதான் வழி. இந்திய விற்பனையாளரிடம் வாங்கினால் சீரியல் நம்பர் குறித்த ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வாரண்டி பேச முடியாது. பெட்டியைப் பிரிக்கும்போது ஒட்டின டேப்பிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள். கண்ணாடி நகர்ந்தோ விரிசல் விட்டோ வந்தால் அந்த வீடியோதான் உங்களுக்குச் சாட்சி.

வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கேமரா வரவழைத்தால் கூரியர்காரர் சுங்கத்துக்காக ஆதாரோ பானோ கேட்பார். அதைத் தாமதமாகக் கொடுத்தால் பொட்டலம் அங்கேயே கிடக்கும். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் கிடையாது, அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள். அதற்கு மேல் கூரியர் கம்பெனி தன் பங்குக்கு ஒரு கட்டணம் வைக்கும். இணையத்தில் தெரியும் டாலர் விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு மலிவு என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டாம் கையாக வாங்கினால் பழைய பில்லைக் கேளுங்கள். கண்ணாடியை டார்ச் அடித்துப் பார்த்து பயப்படாதீர்கள், எந்தக் கண்ணாடியும் டார்ச் வெளிச்சத்தில் அழுக்காகத்தான் தெரியும்.

இரவில் வெளியே கொண்டுபோகிறீர்கள் என்றால் லைசென்ஸ், ஆர்சி, அடையாள அட்டை, தொலைநோக்கி பில் இவை கையில் இருக்கட்டும், டிஜிலாக்கரில் இருந்தாலும் சரி. அதிகாலை 4 மணிக்கு ஆள் உயரக் குழாயைக் காரில் வைத்திருந்தால் ரோந்து வரும் போலீஸார் நிறுத்தத்தான் செய்வார்கள். பில்லைக் காட்டி, அவர்களுக்கும் நிலாவைக் காட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும். தனியார் நிலம் என்றால் சொந்தக்காரரிடம் பகலிலேயே சொல்லி வையுங்கள். ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுப் பகுதிக்குள் இரவில் வனத்துறை அனுமதியில்லாமல் நிற்கக் கூடாது. வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே டிரைபாட் வைக்கவே அனுமதி வாங்க வேண்டும். இத்தனை அலைச்சலும் தேவையா என்றால், தேவையில்லை. அடுத்த படிகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

4. எப்போது வரும்

ஹெவன்ஸ் அபவ் தளத்திலோ அதன் செயலியிலோ பாருங்கள். முதல் வேலை, உங்கள் இடத்தைப் பதிவு செய்வது: வேலூருக்கு 12.92 வடக்கு, 79.13 கிழக்கு. இதைச் செய்யாமல் அட்டவணையைத் திறந்தால் அது 0, 0 என்ற இடத்துக்கு, அதாவது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலுக்கு நடுவே நிற்பவருக்கு, நேரம் காட்டும். நேர மண்டலம் இந்திய நேரமா என்றும் பார்த்துவிடுங்கள். சில தளங்கள் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) காட்டும், அதோடு 5.30 மணி கூட்ட வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் வித்தியாசம் வருகிறது. நமக்கு இருட்டியிருக்க வேண்டும், மேலே இருக்கும் நிலையத்தின் மேல் வெயில் பட வேண்டும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 20 டிகிரி இறங்கியதும் தலைக்கு மேலே இருக்கும் நிலையமும் பூமியின் நிழலுக்குள் போய்விடும். வேலூரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் இதற்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆக, வருஷம் முழுக்க நமக்கு வாய்ப்பு சாயங்காலம் ஆறேகாலிலிருந்து 8 மணிக்குள், இல்லையென்றால் அதிகாலை நாலேகாலிலிருந்து ஆறேகாலுக்குள். ஐரோப்பாக்காரர் கோடையில் ராத்திரி பூரா நிலையத்தைப் பார்க்கிறேன் என்பதைக் கேட்டு நள்ளிரவில் மாடி ஏறாதீர்கள்.

அட்டவணையில் அதிகபட்ச உயரம் என்ற கட்டத்தைப் பாருங்கள். நிலையம் ஒரு தடவை வானத்தைக் கடந்து போவதைப் பாஸ் என்பார்கள். 50 முதல் 75 டிகிரி வரை வரும் பாஸ்தான் உங்களுக்கு. 40க்குக் கீழே என்றால் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 85, 90 டிகிரி வருவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் டாப்சோனியனை நேர் உச்சியில் வைத்துச் சுழற்றிப் பார்த்தால் தெரியும்: குழாய் நிமிர்ந்து நிற்க, அடித்தட்டை மட்டும் அரைவட்டம் சரேலென்று திருப்ப வேண்டியிருக்கும், அந்த இடத்தில் நிச்சயம் நழுவும்.

இன்னொன்று: நிலையம் எங்கே நிழலுக்குள் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்கால பாஸில் அது மேற்கில் ஏறி, உச்சி தாண்டி, கிழக்கே போகும் வழியில் நடுவானத்திலேயே மங்கிக் காணாமல் போகும். உச்சியைத் தாண்டியபின்தான் நம் பக்கம் திரும்பிய முகத்தில் வெயில் முழுதாக விழும், அதனால் அந்தச் சில நொடிகள்தான் நல்ல படம் தரும். அதிகாலையில் தலைகீழ், மேற்கே நடுவானத்தில் திடீரென்று முளைக்கும். எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் முளைக்கும் என்று வரைபடத்தில் பார்த்து வைத்தால்தான் பிடிக்க முடியும்.

நல்ல பாஸ்கள் சில நாள் தொடர்ந்து சாயங்காலத்தில் வரும், அப்புறம் இடைவெளி, அப்புறம் அதிகாலையில் வரும். மாதத்துக்கு விரல் விட்டு எண்ணிவிடலாம். பருவம் என்று பார்த்தால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை சிறப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேகம் வந்து வந்து போகும். போகி அன்று காலையும் தீபாவளி இரவும் புகை, அன்றைக்கு வேண்டாம். நிலையத்தை 2030 வரை இயக்குவதாகத்தான் திட்டம், அதற்கப்புறம் கீழே இறக்கிவிடுவார்கள். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

5. எந்த இடம்

நிலையம் வெள்ளிக் கிரகத்தைப் போலப் பளிச்சென்று இருப்பதால் ஊர் வெளிச்சம் இதற்கு எந்தக் கெடுதலும் செய்யாது. காவலூர் ஆய்வகத்தை மலைமேல் கட்டியது மங்கலான பொருள்களுக்காக. உங்களுக்குச் சத்துவாச்சாரி மொட்டை மாடியே போதும்.

நமக்கு எதிரி சூடு. "மரமில்லா மலை, நீரில்லா ஆறு" என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, அந்த மலைகள்தான் விஷயம். மரமில்லாத பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் முழுக்க அதை வெளியே விடும். மலைக்கு மேலே உள்ள வானத்தில் ஒரு நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பாருங்கள், கொதிக்கிற மாதிரி இருக்கும். ஆகவே நிலையம் உங்கள் வீட்டிலிருந்து எந்த மலைப்பக்கம் போகிறது என்று பாருங்கள், உயரமாகப் போனால் பரவாயில்லை, தாழ்வாக மலையை ஒட்டிப் போனால் விட்டுவிடுங்கள். கான்கிரீட் மாடியும் இதே வேலையைச் செய்யும். மார்ச்சுக்குப் பிறகு 5 மணிக்கே மாடியில் நாலு குடம் தண்ணீர் அடித்துவிடுங்கள், மேற்பரப்புச் சூடு நன்றாகவே இறங்கும். மண் தரையோ புல் தரையோ கிடைத்தால் மாடியைவிட உத்தமம். பாலாற்றங்கரை மணலும் நல்ல இடம்தான், ஜனவரி விடியலில் பனி மட்டும் கொட்டும், லேப்டாப்பை மூடி வைக்க ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.

என் அனுபவத்தில் வேலூரில் அதிகாலை பாஸ்கள்தான் சாயங்காலத்தைவிடத் தெளிவாக வருகின்றன. இரவு முழுக்க பாறையும் மாடியும் ஆறியிருக்கும். தூக்கம் போனாலும் பரவாயில்லை, அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு: மாடிச் சாவியை முந்தின நாள் ராத்திரியே வாங்கி வையுங்கள். விடியற்காலை 4 மணிக்கு வீட்டுக்காரரை எழுப்ப முடியாது. மாடியில் யாரும் நடமாட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், ஒருவர் நடந்தாலே படம் அதிரும். தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கத்தை மறைக்கிறது என்பதையும் பகலில் பார்த்துவிட வேண்டும்.

6. ஃபைண்டரும் ஃபோகஸும்

இந்தப் படியில்தான் படம் முடிவாகிறது. பாஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் தொலைநோக்கியை வெளியே வைத்துவிடுங்கள், கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராகக் கொண்டுவந்தால் ஈரம் படியும்.

கேமராவை மாட்டியதும் குழாயின் முன்பக்கம் தாழும். காந்தம் வைத்த எடையோ, பின்பக்கம் கட்டிய மணல் பையோ வைத்துச் சமன் செய்யுங்கள். எந்த உயரத்தில் விட்டாலும் குழாய் அங்கேயே நிற்க வேண்டும். அப்புறம் ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். முதலில் அசையாமல் இருந்து திடீரென்று விடுபடுகிறதா? அப்படியானால் அடித்தட்டில் இருக்கும் டெஃப்லான் வில்லைகளில் தூசி சேர்ந்திருக்கிறது. கழற்றித் துடைத்து, அவை உரசும் பரப்பில் மெழுகு தேய்த்தால் அந்தத் திக்கல் போய்விடும். நிலையத்தை விடாமல் தொடர்வதில் பாதி இந்த வழுக்கலில்தான் இருக்கிறது.

ஃபைண்டரைப் பகலில் தூரத்துச் செல்போன் டவரின் உச்சியை வைத்துத் தோராயமாகச் சரிசெய்யுங்கள், இருட்டியதும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை வைத்து நுணுக்கமாக. கேமரா பார்க்கும் பரப்பு 14க்கு 10 ஆர்க் நிமிஷம்தான் (60 ஆர்க் செகண்ட் 1 ஆர்க் நிமிஷம்). நட்சத்திரம் கணினித் திரையின் நடுவில் இருக்கும்போது குறுக்குக் கம்பிகள் வெட்டும் புள்ளியிலும் அது துல்லியமாக இருக்க வேண்டும். "ஏறக்குறைய நடுவில்" என்பது இங்கே செல்லாது. சரிசெய்தபின் குழாயை வேறொரு திசைக்குத் திருப்பி இன்னொரு நட்சத்திரத்தில் சோதியுங்கள். ஃபைண்டர் பிடிப்பு தளர்ந்திருந்தால் இரண்டாவது நட்சத்திரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதே நட்சத்திரத்தில் ஃபோகஸ். ஃபோகஸ் சரிபார்க்கக் குழாய் வாயில் மாட்டும் கோடு கோடாக வெட்டிய மூடி, பாட்டினாவ் மாஸ்க், இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், மெல்லிய அட்டையில் நாமே வெட்டிக்கொள்ளவும் முடியும். நிலா இருந்தால் இன்னும் நல்லது, ஒரு பள்ளத்தின் விளிம்பு கூர்மையாகும் வரை திருகுங்கள். தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்தியர் நட்சத்திரத்தில் ஃபோகஸ் செய்யாதீர்கள். நம் ஊரில் அது 24 டிகிரிக்கு மேல் ஏறாது, காற்றுக் கலக்கத்தில் கூர்மை பிடிபடாது. சிரியஸோ சுவாதியோ உயரத்தில் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் சரியானதும் பூட்டுத் திருகை இறுக்கி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். பாஸ் நடக்கும்போது ஃபோகஸைத் தொடவே கூடாது, எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் சரி.

7. கேமரா அமைப்பு

பதிவு செய்யும் மென்பொருளில் ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் இரண்டில் ஒன்று போதும். எல்லாத் தானியங்கி அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

எக்ஸ்போஷர், அதாவது ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் வாங்கும் நேரம், 0.5 மில்லி செகண்டிலிருந்து 1 வரை. காரணம் இதுதான்: தொலைநோக்கி அசையாமல் நின்றால் 1 மில்லி செகண்டில் நிலையம் 3.6 ஆர்க் செகண்ட் நகர்ந்துவிடும், அதாவது தன் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. நீங்கள் கையால் தொடரும்போது இதில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும், இருந்தாலும் குறைவாக வைப்பதே பாதுகாப்பு.

கெயினை, அதாவது கேமரா வெளிச்சத்தைப் பெருக்கும் அளவைக் கூட்டாதீர்கள். புதியவர்கள் படங்களில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். வியாழனுக்கு வைத்த அமைப்பிலேயே நிலையத்தையும் பிடிக்கிறார்கள். வியாழன்மேல் விழும் வெயில் நம்மைச் சுற்றி விழும் வெயிலில் 27ல் ஒரு பங்குதான். நிலையத்தின் மேல் முழு வெயில். ஆகவே எல்லாம் வெந்து வெள்ளையாகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. முக்கால் நிலாவை வைத்துச் சரிபாருங்கள்: நிலாவின் வெளிச்சமான பகுதி ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) கால் பங்கில் நிற்கிற மாதிரி கெயினை வையுங்கள். திரையில் இருட்டாகத் தெரியும், இருக்கட்டும். இருட்டான படத்தை ஏற்றலாம், வெந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பதிவு எஸ்இஆர் வடிவத்தில், 8 பிட், நொடிக்கு 100 ஃபிரேமுக்குக் குறையாமல்.

8. அந்த நாலு நிமிஷம்

முன்கூட்டியே பயிற்சி எடுங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே பறக்கும் விமானங்கள் நம் ஊர் வானத்தில் இருட்டியபின் நிறையவே போகும். தலைக்கு மேலே போகும் விமானத்தின் வேகமும் நிலையத்தின் வேகமும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். விமான விளக்கை ஃபைண்டரின் நடுவில் வைத்து அரை நிமிஷம் தொடர முடிந்தால் நீங்கள் தயார். லேசர் டார்ச்சை மட்டும் வானத்தை நோக்கி அடிக்காதீர்கள், விமானிக்கு ஆபத்து.

நாற்காலி, ஸ்டூல் எதுவும் இல்லாமல் நின்றபடி, உங்கள் கால் எப்படித் திரும்பும் என்று ஒரு தடவை பாஸின் பாதை முழுக்கக் குழாயை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். யூஎஸ்பி வயர் எங்கேயாவது சிக்குகிறதா? சிக்கினால் நடுவழியில் இழுத்துவிடும்.

கூடவே ஒருவர் இருந்தால் பாதி பாரம் குறையும். தங்கையோ நண்பரோ, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, "தெரியுது, தெரியுது, இடது பக்கம் போகுது" என்று சொன்னால் போதும்.

நிலையம் தெரிவதற்கு ஒரு நிமிஷம் முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். கண்ணில் பட்டதும் ஃபைண்டரில் கண்ணை வைத்து, ஒரு கை குழாயின் வாய்ப்பக்கம், இன்னொரு கை பின்பக்கம். துரத்தாதீர்கள். குறுக்குக் கம்பியைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, நிலையம் தானாக வந்து அதைத் தாண்ட விடுங்கள், தாண்டியதும் மறுபடியும் முன்னால் போய் நில்லுங்கள். ஒவ்வொரு தாண்டலிலும் கால் நொடி கிடைத்தால்கூட இருபதுக்கும் மேற்பட்ட ஃபிரேம். கை பழகியதும் கம்பியிலேயே வைத்துத் தொடர வரும். திரையைப் பார்க்க ஆசையாக இருக்கும், கண்ணை எடுத்தால் நிலையம் போய்விடும்.

9. ஆயிரக்கணக்கான ஃபிரேமிலிருந்து ஒரு படம்

பதிவில் பெரும்பாலான ஃபிரேம் வெறும் கறுப்பு. அதற்குப் பயப்பட வேண்டாம். பிப் என்ற இலவச மென்பொருள், நிலையம் இருக்கும் ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி, நடுவில் வைத்து வெட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். நல்ல ஃபிரேம்கள் கொத்துக் கொத்தாக வந்திருக்கும்.

அடுத்தடுத்து வரும் பத்திருபது ஃபிரேமை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் ஒரே படமாகச் சேருங்கள். கிரகத்துக்குச் செய்வதுபோல ஆயிரம் ஃபிரேமைச் சேர்க்கக் கூடாது. நிலையம் நகர நகர நாம் பார்க்கும் கோணமே மாறுகிறது, சில நொடி இடைவெளியில் எடுத்தவற்றைச் சேர்த்தால் தகடு இரண்டு இரண்டாகத் தெரியும். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கொஞ்சம் கூர்மை. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதிகம் கூர்மை ஏற்றினால் இல்லாத கோடுகளும் பெட்டிகளும் முளைக்கும், அது ராக்கெட், இது விண்வெளி வீரர் என்று கற்பனை ஓட ஆரம்பித்துவிடும். ஒரு விவரம் உண்மையா என்று தெரிய எளிய வழி உண்டு: தனித்தனியாகச் சேர்த்த இரண்டு கொத்துகளிலும் அது அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் அது காற்றின் வேலை.

10. சூரியனுக்கும் நிலாவுக்கும் முன்னால்

கையால் தொடர்வது வசப்படும் வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். தொலைநோக்கி சூரியனையோ நிலாவையோ பார்த்தபடி இருக்கும், நிலையம் குறுக்கே கடக்கும். டிரான்சிட் ஃபைண்டர் என்ற தளத்தில் உங்கள் மாடியின் துல்லியமான இடத்தைக் கொடுத்தால் எந்த நாள், எந்த நொடி என்று சொல்லும். உச்சியில் இருக்கும்போது கடந்தால் தெரியும் பட்டையின் அகலம் 4 கிலோமீட்டர்தான், நேரமும் அரை நொடிதான். சத்துவாச்சாரியில் தெரிவது காட்பாடியில் தெரியாது. ஆகவே ராணிப்பேட்டை, குடியாத்தம் வரை பைக்கில் போகத் தயாராக இருங்கள், அதற்கு 5 அங்குலத் தொலைநோக்கி வசதி, 8 அங்குலக் குழாய் பைக்கில் ஏறாது. சென்னை பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், உள்ளே கிராமச் சாலைக்குப் போய்விடுங்கள். நிலையத்தின் பாதையை அவ்வப்போது உயர்த்துவார்கள், அதனால் ஒரு வாரம் முன்னால் பார்த்த கணிப்பை நம்பாமல் அன்று காலை மறுபடி பாருங்கள்.

சூரியன் என்றால் முதல் விதி: தொலைநோக்கியின் முன்வாயில் சூரிய ஃபிலிம். பாடர் ஆஸ்ட்ரோசோலார் ஏ4 அளவு 3 ஆயிரம் ரூபாய் அளவில் வரும். அதில் இரண்டு வகை உண்டு. அடர்த்தி 5 என்பது கண்ணால் பார்க்க, 3.8 என்பது கேமராவுக்கு மட்டும். 3.8 வாங்கிவிட்டு அதில் கண்ணை வைத்தால் பார்வை போய்விடும். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் அதே கதிதான். ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள், குறைந்தது மூடியாவது போடுங்கள். ஃபிலிமை ஒவ்வொரு முறையும் பல்புக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள், காற்றில் பறக்காதபடி குழாயோடு டேப் போட்டு ஒட்டுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் ஒரு நொடிகூடத் தொலைநோக்கியைத் தனியே விடாதீர்கள்.

டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் சூரியனுக்கு 1/4000 நொடி, நிலாவுக்கு 1/2000, ஐஎஸ்ஓவை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் சூரியப் புள்ளியிலோ விளிம்பிலோ. கணித்த நேரத்துக்கு 2 நொடி முன்னால் தொடர்ச்சியாகச் சுடத் தொடங்குங்கள். ராவில் எடுத்தால் சில கேமராக்கள் சரியாகக் கடக்கும் நொடியில் மெமரி நிரம்பி நின்றுவிடும், ஜேபெக்கில் வையுங்கள். யூஎஸ்பி கேமரா என்றால் 10 நொடி முன்னால் பதிவைத் தொடங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. போன் கடிகாரம் நெட்வொர்க் நேரத்தில் ஓடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். நிலா டிரான்சிட் நள்ளிரவிலும் நடக்கும், அப்போது நிலையம் நிழலில் இருப்பதால் வெளிச்சமான நிலாவின் மேல் சின்னக் கறுப்பு உருவமாக ஓடும்.

இதெல்லாம் கைவந்தபின் சீனாவின் தியாங்காங் நிலையத்தை முயலுங்கள். அதுவும் நம் வானத்தில் உயரமாக வரும், மூன்று பெரிய கூடங்கள் டி வடிவில் இருக்கும். ஹபிள் தொலைநோக்கியும் நமக்கு வாய்க்கும். அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 28.5 டிகிரி சாய்வு என்பதால் லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, வேலூரில் தலைக்கு மேலேயே போகும். 13 மீட்டர் நீளம்தான், 5 ஆர்க் செகண்ட் அளவுக்கு நீண்ட குச்சியாகத் தெரியும், அதற்குப் பார்லோ கட்டாயம் வேண்டும்.